மாமனார் நாக்கு

கல்யாணத்தைக் கலைக்கிறவர்கள் பெரும்பாலும் பங்காளிகளாக இருப்பார்கள். இல்லாவிட்டால் பெண் கேட்டுக் கிடைக்காமல் போன யாராவது இருப்பார்கள். மொட்டைக் கடுதாசி எழுதுவார்கள், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் காதோடு காதாகச் சொல்வார்கள். என் கல்யாணத்தில் அந்தச் சிரமத்தை யாருக்கும் வைக்காமல் நானே பார்த்துக்கொண்டேன். மாப்பிள்ளையும் நான், கலைக்கப் போனவனும் நான். (பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்ததில் ஏதோ காரணம் இருந்திருக்கும் என்று நீங்கள் பெருந்தன்மையாக நினைத்துவிடக் கூடும்.)

அது யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் முதுகில் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு ஓடின. நான் அரியலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தேன். ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஓர் ஓட்டு வீடு, ஒரு டாக்டர், மிக்சர் கலக்க ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் நான். டாக்டர் பெரம்பலூரை அடுத்த குரும்பலூர்க்காரர். அதிகம் பேச மாட்டார். நோயாளி வந்து எதிரே உட்கார்ந்ததும் அவர் சொல்லும் முதல் வார்த்தை "நாக்கு" என்பதுதான். பல பேருக்கு அதுவே கடைசி வார்த்தையாகவும் இருக்கும். நாக்கைப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்கி ஈறைப் பார்ப்பார், சீட்டு எழுதி என் பக்கம் தள்ளிவிடுவார்.

அந்த நாளில் எங்களிடம் வந்தவர்களில் பாதிப் பேருக்கு வாய்ப்புண். ரேஷனில் போட்ட அரிசி, மில்லில் தீட்டித் தீட்டி மல்லிகைப்பூ மாதிரி இருக்கும். பார்க்க அழகு. அதையே மாதக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்குக் கடைவாய் இரண்டும் வெடித்து, நாக்கு சிவந்து, குழம்பு பட்டால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அதற்கு டாக்டர் மருந்து எழுத மாட்டார். "தவிடு" என்பார். அவ்வளவுதான். தவிட்டைச் சலித்து, வெல்லம் சேர்த்து, அடையாகத் தட்டிச் சாப்பிட வேண்டும் என்கிற விவரத்தை நான்தான் வெளியே வைத்துச் சொல்ல வேண்டும். மாட்டுக்கு வைப்பதை மனிதனுக்கு எழுதிக் கொடுத்த பழியும் என் தலையில்தான் விழும்.

டாக்டரிடம் ஓர் இங்கிலீஷ் புத்தகம் இருந்தது. வாய்க்குள் வரும் நோய்களும், உடம்பில் வேறு எங்கோ இருந்துகொண்டு வாயில் அடையாளம் காட்டும் நோய்களும் கலர்ப் படமாகப் போட்ட புத்தகம். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் மருந்துப் புட்டியின் மேல் ஒட்டும் சீட்டைத் தாண்டாது. ஆனால் படத்துக்கு இங்கிலீஷ் எதற்கு? மத்தியானம் கூட்டம் குறைந்ததும் எடுத்து வைத்துக்கொண்டு பார்ப்பேன். எட்டே மாதத்தில் அந்தப் படங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். டாக்டர் ஆவதற்கு இனிப் படிப்பு ஒன்றுதான் பாக்கி என்கிற நினைப்பும் வந்துவிட்டது.

நினைப்பு ஆஸ்பத்திரியோடு நின்றிருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் நான் ஊருக்குப் போவேன். எங்கள் ஊர் ஏலாக்குறிச்சிக்குப் பக்கம், எல்லாம் கத்தோலிக்கக் குடும்பங்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசைக்கு உதவி செய்வது சின்ன வயதிலிருந்து என் வேலை. லத்தீன் பதில்கள் எனக்குத்தான் தடுமாறாமல் வரும் என்பதால், மீசை முளைத்த பிறகும் பங்குச் சாமியார் என்னை விடவில்லை. நற்கருணை கொடுக்கும் நேரத்தில் ஜனங்கள் பீடத்துக்கு முன்னால் இருக்கும் மரக்கிராதியில் வரிசையாக முழங்கால் போட்டுக் கண்ணை மூடி நாக்கை நீட்டுவார்கள். சாமியார் அப்பத்தை நாக்கில் வைப்பார். அது தவறிக் கீழே விழுந்துவிடாதபடி ஒவ்வொருவர் தாடைக்கும் கீழே வெள்ளித் தட்டைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கூடவே நகர வேண்டும்.

தட்டு பிடித்தவன் நான். ஊர் மொத்தமும் வாரா வாரம் என் முகத்துக்கு நேரே நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. என் டாக்டர் கூட ஒரு நாளில் அத்தனை நாக்கு பார்த்திருக்க மாட்டார். பக்தியோடு பார்க்க வேண்டிய இடத்தில் நான் வைத்தியம் பார்க்க ஆரம்பித்தேன்.

முதலில் அகப்பட்டது மதலேனம்மா. கடைவாய் இரண்டும் வெடித்து நாக்கு செக்கச்செவேலென்று இருந்தது. பூசை முடிந்ததும் மடக்கி, "அத்தே, நீங்க தவிடு சாப்பிடணும்" என்றேன்.

"ஏன்டா ஆரோக்கியம், என்னைப் பாத்தா எரும மாடு மாதிரி இருக்கா?" என்று அந்தம்மாள் தேர்த்தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள். ஆனால் சாப்பிட்டாள். மூன்றாம் வாரம் வாய் ஆறிப் பளிச்சென்று வந்து நின்றாள். அதோடு விட்டாளா? "நாக்கைப் பாத்தே சொல்லிப்புடுது, அந்தத் தம்பி" என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைத்துவிட்டாள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

இந்தச் சமயத்தில்தான் கல்யாணம் நிச்சயமானது. பெண், பெரிய வாத்தியார் சவரிமுத்துவின் மகள் புஷ்பம். பெரிய வாத்தியார் எங்கள் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர். எனக்கு அ, ஆவன்னா சொல்லிக் கொடுத்தவர். பிரம்பும் அவரும் பிரிந்திருந்து நான் பார்த்ததில்லை. அவர் மகளை நான் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்பதை என் முதுகு கொஞ்ச நாள் நம்பவே இல்லை. புஷ்பத்தை அதுவரை கோயிலில் பெண்கள் பக்கத்தில் முக்காட்டோடு பார்த்ததுதான். ஒரு தடவை சிரித்தாள். என்னைப் பார்த்துத்தான் சிரித்தாளா என்று இரண்டு வாரம் யோசித்தேன்.

எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நடக்கப் போகிறது, இதற்கு விக்கினம் ஏதாவது இருப்பதாக அறிந்தவர்கள் பங்குக் குருவிடம் அறிவிக்க வேண்டும் என்று சாமியார் கோயிலில் எல்லார் முன்னிலையிலும் வாசிப்பார். மூன்று ஞாயிற்றுக்கிழமை, மூன்று ஓலை. யாரும் வாய் திறக்கவில்லை என்றால் கல்யாணம்.

முதல் ஓலைக்கு முந்தின சனிக்கிழமை நானும் அப்பாவும் பெண் வீட்டோடு சேர்ந்து சாமியாரிடம் போய்ப் பெயர்களை எழுதிக் கொடுத்துவிட்டு, வாத்தியார் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். காப்பி வந்தது. பிறகு வாத்தியாருக்கு மட்டும் உள்ளேயிருந்து மடித்த வெற்றிலை வந்தது. அவருக்கு வெற்றிலை மடித்துக் கொடுப்பது புஷ்பத்தின் வேலை என்று அவர் மனைவி பெருமையாகச் சொன்னார். உள் ஜன்னலில் ஒரு முக்காடு தெரிந்து மறைந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

வாத்தியார் வெற்றிலையை வாயில் போட்டு மென்றார். இரண்டு மெல்லுக்குப் பிறகு அவர் முகம் என்னவோ மாதிரி ஆயிற்று. கண் இரண்டும் கலங்கித் தண்ணீர் வழிந்தது. துண்டால் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு என் அப்பா எதைக் கேட்டாலும் "ம்", "ம்ம்" என்றுதான் பதில்.

"பொண்ணு போவப் போறான்னு மனுசன் கலங்கிட்டாருடா" என்றார் அப்பா, திரும்பி நடக்கும்போது.

"பிரம்பு எடுத்த கைக்குள்ள எவ்வளவு பாசம்ப்பா" என்று நானும் கலங்கினேன். (இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.)

மறுநாள் பூசையில் முதல் ஓலை வாசித்தார்கள். என் பெயரும் அவள் பெயரும் அந்தக் கோயிலில் ஒன்றாக ஒலித்தபோது, நான் பெண்கள் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் நற்கருணை. வரிசையில் மாமனார் முழங்கால் போட்டிருந்தார். கண்ணை மூடினார், நாக்கை நீட்டினார்.

நாக்கின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு திட்டு. கன்னத்தின் உள்பக்கமும் அதே வெள்ளை. சுற்றிலும் சிவப்பு.

புத்தகத்தில் அந்தப் படம் இடது பக்கத்தில் மேலே இருக்கும். அதன் கீழே போட்டிருந்த இங்கிலீஷ் வார்த்தையை டாக்டரிடம் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "மேகம்" என்று சொன்னார். கெட்ட சகவாசத்தால் வருகிற வியாதி. அந்தப் பெயரை ஊரில் யாரும் உரக்கச் சொல்ல மாட்டார்கள். அது எப்படி வரும் என்பதை ஆண்கள் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு பேசுவார்கள். கோயில் திருவிழாக் கமிட்டியில் முதல் ஆளாக இருக்கிற, முப்பது வருஷமாக நன்னெறி சொல்லிக் கொடுக்கிற என் மாமனாருக்கு மேகம்!

சாமியார் அடுத்த ஆளுக்கு நகர்ந்துவிட்டார். நான் மாமனாரின் தாடைக்குக் கீழேயே தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாமியார் திரும்பி வந்து என் முழங்கையை இடித்துக் கூட்டிப் போக வேண்டியதாயிற்று.

அந்த வாரம் நான் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. அரியலூருக்கு வந்ததும் புத்தகத்தைப் பிரித்தேன். அதே வெள்ளைத் திட்டு, அதே சிவப்பு. பன்னிரண்டு தடவை பார்த்தேன். பன்னிரண்டு தடவையும் அது மாமனார் நாக்குதான். டாக்டரிடம் நைசாகக் கேட்டுப் பார்த்தேன்.

"சார், ஒருத்தருக்கு நாக்குல வெள்ளைத் திட்டு இருந்தா அது என்னவா இருக்கும்?"

"எத்தனை நாளா?"

"தெரியாது சார்."

"எரியுதாமா?"

"கேக்கலை சார்."

"என்ன சாப்பிட்டாராம்?"

என் கண் புத்தகத்தின் பக்கம் போனது. டாக்டர் நிமிர்ந்து பார்த்து, "ஆளைக் கேளுய்யா, படத்தைக் கேக்காதே" என்று சொல்லிவிட்டு அடுத்த நாக்கைக் கூப்பிட்டார்.

ஆளைக் கேட்பதாவது! பெரிய வாத்தியாரிடம் போய், "மாமா, உங்களுக்கு மேகமா?" என்று கேட்டுவிட்டு முழுசாகத் திரும்பி வர முடியுமா? ஆனாலும் சும்மா இருக்கவும் மனசு கேட்கவில்லை. அந்த வியாதி குடும்பத்தையே பிடிக்கும் என்று படித்திருக்கிறேன். (படித்தேன் என்றால், படம் பார்த்தேன்.) மாமியாருக்கு என்ன ஆகும்? புஷ்பத்துக்கு என்ன ஆகும்? அவர் வெட்கப்பட்டு மறைத்துவைத்துச் செத்துப்போனால், தெரிந்திருந்தும் சொல்லாத பாவம் என்னுடையதல்லவா? சாமியார்தான் ஓலையிலேயே சொல்லியிருக்கிறாரே, அறிந்தவர்கள் அறிவிக்க வேண்டும் என்று. நான் அறிந்தவன். சாமியாரிடம் ரகசியமாகச் சொன்னால் அவர் வாத்தியாரைத் தனியாகக் கூப்பிட்டு வைத்தியத்துக்கு அனுப்புவார், கல்யாணம் ஒரு மாதம் தள்ளிப் போகும், குடும்பம் பிழைக்கும். என்ன ஒரு தியாகி நான் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை கரி பஸ்ஸை விட்டு இறங்கி நேரே சாமியார் பங்களாவுக்குப் போனேன்.

"சாமி, ஒரு கல்யாணத்துக்கு விக்கினம் சொல்லணும்."

"யார் கல்யாணம்?"

"என் கல்யாணம் சாமி."

சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "நல்லாத் தெரியுமா ஆரோக்கியம்?" என்றார். "நாக்கு பொய் சொல்லாது சாமி" என்றேன். அந்த வசனத்தை எங்கே பிடித்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

சாமியார் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார் என்று நான் போட்ட கணக்கில் ஒரு பிசகு இருந்தது. விக்கினம் என்று ஒருவர் வந்து சொல்லிவிட்டால், விசாரித்து முடிக்கும்வரை அடுத்த ஓலை வாசிக்கக் கூடாது. அது முறை. மறுநாள் பூசையில் சாமியார் வேறு இரண்டு கல்யாணங்களுக்கு ஓலை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டார்.

கோயில் முழுக்க ஒரு முணுமுணுப்பு. பெண்கள் பக்கத்தில் எல்லா முக்காடுகளும் புஷ்பத்தின் பக்கம் திரும்பின. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதைப் பார்த்தபோதுதான் நான் செய்த காரியத்தின் கனம் எனக்குத் தெரிந்தது. நடுச்சபையில் ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுபோனால் அவளைப் பற்றி ஊர் என்னென்ன பேசும் என்று ஒரு தடவையாவது நான் யோசித்திருக்க வேண்டாமா? வாத்தியார் அன்றைக்கு நற்கருணை வாங்க எழுந்து வரவில்லை. மனசில் அவ்வளவு கோபத்தை வைத்துக்கொண்டு வாங்கக் கூடாது என்று உட்கார்ந்துவிட்டார். நானோ, நாக்கை மறைக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

பூசை முடிந்து வெளியே வந்தேன். தோளில் ஒரு கை விழுந்தது.

"மாப்பிளே, வாங்க என்கூட" என்றார் வாத்தியார். "எவன் விக்கினம் சொன்னான்னு இன்னிக்குக் கண்டுபுடிக்காம நான் பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்."

"மாமா, வெயிலா இருக்கு..."

"நீங்க கவலைப்படாதீங்க மாப்பிளே. உங்களுக்கு வந்த அவமானம் எனக்கு வந்த அவமானம். அவன் மட்டும் கையில கெடைக்கட்டும்!"

இப்படியாக, என்னைத் தேடுவதற்கு என்னையே துணைக்கு அழைத்துக்கொண்டு என் மாமனார் புறப்பட்டார். நேரே போனது அவருடைய பங்காளி சின்னப்பன் வீட்டுக்கு. வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாதவர். அவர் தலையில் அடித்துக்கொண்டு, "அண்ணே, மாதா சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது. புஷ்பம் எனக்கும் மகதானே" என்று அழாத குறையாகச் சொன்னார். வாத்தியார் என்னைப் பார்த்து, "இவன் மூஞ்சியைப் பாருங்க மாப்பிளே, பொய் சொல்றவன் மூஞ்சி மாதிரி இல்ல?" என்று கேட்டார். ஒரு பாவமும் அறியாத மனிதர். "இல்லீங்க மாமா, அவரா இருக்காது" என்றேன். அந்த ஒரு வாரத்தில் நான் பேசிய ஒரே உண்மை அதுதான்.

"பின்ன யாரா இருக்கும்?"

எனக்கு வேர்த்துக் கொட்டியது. "சாமியாரையே கேட்டா என்ன மாமா?" என்று உளறிவிட்டேன். அவர் என் முதுகில் தட்டி, "படிச்ச புள்ளைங்கிறது சரியாத்தான் இருக்கு" என்றார்.

சாமியார் பங்களா வராந்தாவில் எல்லாரும் கூடினோம். ஒரு பக்கம் நானும் அப்பாவும். எதிரே வாத்தியார், அவர் மனைவி, அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் அழுது முகம் வீங்கிய புஷ்பம்.

"யார் சொன்னாங்கன்னு நான் சொல்ல மாட்டேன் வாத்தியாரே" என்றார் சாமியார். "என்ன சொன்னாங்கங்கிறதை உங்ககிட்ட தனியாக் கேக்கிறேன், உள்ள வாங்க."

"தனியா எதுக்கு சாமி? என்கிட்ட ஒளிவு மறைவு கெடையாது. எல்லார் முன்னாலயும் கேளுங்க."

சாமியார் இரண்டு தடவை இருமினார். "சரி. நாக்கை நீட்டுங்க."

"என்னது?"

"நாக்கை நீட்டுங்க வாத்தியாரே."

முப்பது வருஷமாகப் பிள்ளைகளைக் கைநீட்டச் சொன்னவர், முதல் தடவையாகத் தானே ஒன்றை நீட்டினார். சாமியார் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். திட்டு இல்லை. கன்னத்தில் இல்லை, நாக்கில் இல்லை. வெற்றிலைச் சிவப்பைத் தவிர ஒன்றுமே இல்லை. எட்டே நாளில் இருந்த இடம் தெரியாமல் போகிற வியாதியா மேகம்? புத்தகத்தில் அப்படி ஒரு படமும் இல்லையே!

"போன வாரம் இதுல வெள்ளையா ஏதோ இருந்துச்சாமே?" என்றார் சாமியார்.

"அதுவா!" என்று வாத்தியார் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு சிரித்தார். "சுண்ணாம்பு சாமி! போன சனிக்கிழமை சம்பந்தியும் மாப்பிளையும் வந்திருந்தப்ப இந்தக் கழுதை வெத்தலையில சுண்ணாம்பை அள்ளி அப்பிக் குடுத்துட்டா. வாய் வெந்துபோச்சு. சம்பந்தி முன்னால துப்ப முடியுமா? அப்படியே மென்னு முழுங்கினேன். கண்ணுல தண்ணியா கொட்டுது. நாலு நாளு கஞ்சியும் தேங்காப்பாலும்தான்."

சுண்ணாம்பு. வெற்றிலை போடுகிற வீட்டில் மூன்று வயதுக் குழந்தைக்குத் தெரியும், சுண்ணாம்பு கூடினால் வாய் வெந்து வெள்ளையாகும் என்று. எனக்கும் தெரியும். எனக்கே சின்ன வயதில் வெந்திருக்கிறது! அந்தப் புத்தகத்தை எழுதிய வெள்ளைக்காரனுக்குத்தான் தெரியாது. அவன் வெற்றிலை போட்டதில்லை. அவன் படம் போடாததால் நானும் மறந்துபோனேன்.

சிரித்துக்கொண்டிருந்த வாத்தியார் சட்டென்று நிறுத்தினார். கணக்கு வாத்தியாரும் அவர்தான்.

"சாமி, ஒரு நிமிஷம். அந்த வெள்ளையை நான் யாருக்கும் காட்டலையே. எரிச்சல்ல வாயே தொறக்கலை. நாக்கை நீட்டுனது ஒரே ஒரு எடத்துல. அங்க என் நாக்கைப் பாத்தது ரெண்டே பேரு. ஒண்ணு நீங்க..."

"நான் நாக்கைப் பாக்கிறதில்ல வாத்தியாரே. தேவ நற்கருணையை மட்டும்தான் பாப்பேன்" என்றார் சாமியார்.

மீதி ஒன்று. வாத்தியாரின் தலை மெதுவாக என் பக்கம் திரும்பியது. மாப்பிள்ளையும் போச்சு, 'ங்க'வும் போச்சு.

"டேய் ஆரோக்கியம். எந்திரிடா."

எழுந்தேன். கை தானாக நீண்டது. பழைய பழக்கம்.

"என்ன வியாதின்னுடா சொன்ன?"

பெண்கள் இருக்கிறார்கள். அருகில் போய் அவர் காதில் சொன்னேன். அவர் முகம் முதலில் வெளுத்தது, பிறகு கறுத்தது. "எனக்கா?" என்றார். "எனக்கா!"

"என்னவாம்? என்ன சொல்றாரு?" என்று மாமியார் பதறினார்.

வாத்தியார் மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாமியாரைப் பார்த்தார். "பல்வலியாம்" என்றார்.

"பல்வலிக்கா கல்யாணத்தை நிறுத்துவாங்க?"

"நிறுத்துவாங்களா மாட்டாங்களா, நான் நிறுத்துறேன்!" என்று வாத்தியார் எழுந்துவிட்டார். "இந்தக் கல்யாணம் நடக்காது. சம்பந்தி, உங்க மேல எனக்கு வருத்தமில்ல. ஆனா இந்த மடையனுக்கு என் பொண்ணைக் குடுக்க மாட்டேன். வா புஷ்பம்."

என் அப்பா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். எல்லாம் முடிந்தது, என் கையாலேயே முடிந்தது என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது. சிரிப்புக் கதைதான் இது, ஆனால் அந்த நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

"நான் வரலப்பா."

அதுவரை பேசாத குரல். புஷ்பம் முந்தானைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்திருந்தாள்.

"சுண்ணாம்பு கூட வச்சது நான்தானேப்பா. அவுங்களை மட்டும் திட்டினா எப்படி?"

"நீ வச்சது கைத்தவறும்மா. இவன் பண்ணது..."

"கைத்தவறு இல்ல." அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். "ஜன்னல் வழியா அவுங்களைப் பாத்துக்கிட்டே தடவினேன். எத்தனை தடவை தடவினேன்னே தெரியல. அதான்."

ஒரு பெண் தன் அப்பா முன்னால், சாமியார் முன்னால், மாப்பிள்ளை முன்னால் அப்படிப் பேசி அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. மாமியார் வாயைப் பொத்திக்கொண்டார். வாத்தியார் உட்கார்ந்துவிட்டார்.

முதலில் சிரித்தது சாமியார். "வாத்தியாரே, அவ இவனைப் பாத்து உங்க நாக்கைச் சுட்டுட்டா. இவன் உங்க நாக்கைப் பாத்து அவ கல்யாணத்தைச் சுடப் பாத்தான். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சரியா இருக்கு. கட்டி வச்சிடுங்க."

வாத்தியார் கொஞ்ச நேரம் என்னையே முறைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "நாக்கை நீட்டுடா" என்றார். நீட்டினேன். நன்றாகப் பார்த்துவிட்டு, "நாக்கு நல்லாத்தான் இருக்கு. மண்டைலதான் ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அதுதான் எங்கள் நிச்சயதார்த்தம் மறுபடி நடந்த விதம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தட்டு பிடிக்க வேறு ஆள். நான் ஜனங்களோடு ஜனமாக உட்கார்ந்திருந்தேன். சாமியார் இரண்டாவது ஓலையை வாசித்தார். "இந்தத் திருமணத்துக்கு விக்கினம் ஏதும் உண்டென்று அறிந்தவர்கள் பங்குக் குருவிடம் அறிவிக்க வேண்டும்" என்று முடித்தார். புத்தகத்தை மூடப் போனவர் மறுபடி திறந்து, "மாப்பிள்ளையைத் தவிர" என்றார். கோயில் என்றும் பாராமல் ஊரே சிரித்தது. சின்னப்பன் சிரித்த சிரிப்புதான் எல்லாவற்றையும்விடச் சத்தம்.

கல்யாணம் நன்றாக நடந்தது. மாமனார் என்னை மன்னித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு நான் எப்போது அந்த வீட்டுக்குப் போனாலும் "வாங்க" என்று சொல்வதற்கு முன்னால் நாக்கை நீட்டிக் காட்டுவார். விருந்தாளிகள் நடுவில், திருவிழாக் கூட்டத்தில், பள்ளிக்கூட வாசலில், எங்கே பார்த்தாலும் ஒரு நாக்கு. நான் சிரித்துவைப்பேன். வேறு என்ன செய்ய?

நாலைந்து வருஷம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். நாற்காலியில் சாய்ந்திருந்தவர் வழக்கம்போல நாக்கை நீட்டினார். நான் வழக்கம்போலச் சிரிக்கப் போய் நிறுத்திவிட்டேன். நாக்கு வழுவழுவென்று இருந்தது. மேலே இருக்க வேண்டிய சொரசொரப்பே இல்லை. நிறம் வெளுத்துப்போயிருந்தது.

இந்தத் தடவை படம் எதுவும் மனசில் வரவில்லை. "மாமா, வெத்தலை போட்டீங்களா? சுண்ணாம்பு யார் வச்சது?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"வெத்தலையா? நாக்கு எரியுதுன்னு விட்டு ரெண்டு மாசமாச்சு" என்றார்.

"எத்தனை நாளா எரியுது? சாப்பாடு எறங்குதா? நடந்தா மூச்சு வாங்குதா?"

நான் கேட்டுக்கொண்டே போக, அவர் முகத்தில் இருந்த சிரிப்பு குறைந்தது. "நடந்தா கொஞ்சம் வாங்குது மாப்பிளே. வயசாச்சுல்ல" என்றார். மறுநாள் காலையில் அவரை வண்டி கட்டி அரியலூருக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் "நாக்கு" என்றார், பார்த்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார். "உடம்புல ரத்தமே இல்லையே. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா ஆள் தாங்கியிருக்க மாட்டாரு. யார் கவனிச்சது?" என்று கேட்டார். நான் மிக்சர் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கல்லீரல் சத்து ஊசி போட ஆரம்பித்தார்கள். அந்த ஊசிகளைப் போட்டவன் நான்தான். இரண்டு மாதத்தில் மாமனார் நாக்கு சிவந்தது, அவரும் பழையபடி பிரம்பைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டார்.

நன்றி, கின்றி என்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. கடைசி ஊசிக்கு வந்த அன்றைக்கு, ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி மட்டும் சொன்னார்: "இவரு என் மாப்பிளை. என் நாக்கை ரெண்டு தடவை பாத்து ரெண்டு வியாதி சொன்னாரு. ஒண்ணு தப்பு, ஒண்ணு சரி. நூத்துக்கு அம்பது. பாஸ் போட்டுட்டேன்."

எங்கள் வீட்டில் இன்றைக்கும் நான் எதைச் செய்தாலும், குழாயை மாற்றினாலும் சரி, பேரனுக்குப் பெயர் தேடினாலும் சரி, அம்பது மார்க்தான். அதற்கு மேல் யாரும் போட்டதில்லை. புஷ்பத்திடம் மட்டும் ஒரு நாள் தனியாகக் கேட்டுப் பார்த்தேன், நீ எவ்வளவு போடுவாய் என்று. வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை.

"எங்கப்பா எப்பவுமே தாராளமா மார்க் போடுறவரு" என்றாள். பிறகு வெற்றிலையை என் கையில் கொடுத்து, "மெதுவா மெல்லுங்க. உங்களைப் பாத்துக்கிட்டே தடவிட்டேன்" என்றாள்.